வி.டி.யிலிருந்து பைகுல்லா வரை: தமிழில் நடக்கும் ஒரு ரயில் நிலைய உலா

மும்பையின் பழைய கட்டடங்களைச் சுற்றிக்காட்டும் நடை உலாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மராத்தியிலும் நிறைய நடக்கின்றன. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் பகுதிகளைச் சேர்ந்த தமிழர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தமிழிலேயே நடத்தும் ஓர் உலாவில் அண்மையில் கலந்துகொண்டேன். சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸுக்கு எதிர்ப்புற நடைபாதையில் தொடங்கி, நிலையத்தின் வெவ்வேறு பகுதிகளைப் பார்த்துவிட்டு, ஸ்லோ லோக்கலில் (எல்லா நிலையங்களிலும் நிற்கும் புறநகர் ரயிலில்) ஏறிப் பைகுல்லாவில் இறங்கி, அங்கே நடந்துள்ள சீரமைப்பைப் பார்ப்பதோடு உலா நிறைவடைகிறது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகிறது. வழிகாட்டுபவர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவருக்குத் துணையாகக் கட்டடக் கலை படிக்கும் மாணவி ஒருவரும் வருகிறார். வாட்ஸ்அப் வழியே முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டணம் 300 ரூபாய்க்கும் குறைவு, லோக்கல் டிக்கெட்டும் அதில் அடக்கம்.

இந்த உலா பணத்துக்கும் நேரத்துக்கும் தகுந்தது என்பதே என் முடிவு. அதற்கான காரணம், விக்டோரியா டெர்மினஸ் என்ற பழைய பெயரின் சுருக்கமாக வி.டி. என்று இன்னும் பம்பாய்த் தமிழர்கள் சொல்லும் அந்த நிலையத்தை இவர்கள் சிற்பக் கூடமாகக் காட்டாமல், இன்றும் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு ரயில் நிலையமாகக் காட்டுகிறார்கள் என்பதுதான். அது 170 ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் கட்டப்பட்டுவரும் நிலையம், இப்போதும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் நிலையம் என்பதை, நடக்க நடக்கக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள முடிகிறது. குறைகளும் உண்டு; அவற்றை உரிய இடங்களில் சொல்கிறேன்.

மாநகராட்சித் தலைமைக் கட்டடத்தின் பக்கமாக நின்றுகொண்டு எதிரே பார்க்கச் சொல்வதுதான் முதல் பாடம். இரண்டு கட்டடங்களையும் வடிவமைத்தவர் ஒருவரே: ஃபிரடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ். ரயில் நிலையம் 1888-இல் முடிந்தது, மாநகராட்சிக் கட்டடம் 1893-இல். இரண்டையும் ஒரே பார்வையில் வைத்துக்கொண்டு பேசும்போது, குவிமாடத்தின் வடிவமும் கூரான வளைவுகளின் வரிசையும் எப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வளர்ந்தன என்பது விளங்குகிறது. நிலையத்தின் வாயில் தூண்களின் மேல் ஒரு பக்கம் சிங்கம், மறு பக்கம் புலி. முன்னது பிரிட்டனையும் பின்னது இந்தியாவையும் குறிப்பதற்காக வைக்கப்பட்டவை. நடுக் குவிமாடத்தின் உச்சியில் வலக்கையில் தீப்பந்தத்தை உயர்த்தி, இடக்கையில் ஆரச் சக்கரத்தைத் தாழப் பிடித்தபடி நிற்கும் பெண் உருவம் ‘முன்னேற்றம்’ என்ற கருத்தின் உருவகம். கடிகாரத்துக்குக் கீழே வெறுமையாக இருக்கும் மாடத்தில் ஒரு காலத்தில் விக்டோரியா அரசியின் சிலை இருந்தது. விடுதலைக்குப் பின் அது அகற்றப்பட்டுவிட்டது. இவற்றையெல்லாம் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆனால், நாம் நிமிர்ந்து பார்த்து வியக்கும் இந்தக் கட்டடத்தின் பெரும்பகுதி பயணிகளுக்காகக் கட்டப்பட்டதே அல்ல, ஒரு ரயில் நிறுவனத்தின் தலைமை அலுவலகமாகக் கட்டப்பட்டது என்பதை இவர் முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறார். அந்த நிறுவனம் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே, சுருக்கமாக ஜி.ஐ.பி.; இன்று அதே அறைகளில் மத்திய ரயில்வேயின் தலைமையகம் இயங்குகிறது. முற்றத்தைச் சூழ்ந்து ‘சி’ எழுத்தின் வடிவில் நிற்கும் மாளிகை அலுவலகம். ரயில்கள் வந்து நிற்பது அதன் பக்கவாட்டில். இந்த ஒரு விளக்கம் கிடைத்தவுடனேயே, அலங்காரம் முழுவதும் ஏன் தெருவைப் பார்த்து இருக்கிறது, நடைமேடைகள் ஏன் அவ்வளவு எளிமையாக இருக்கின்றன என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடுகிறது.

வரலாற்றைச் சொல்லும் முறையும் நன்றாகவே இருந்தது. ஜி.ஐ.பி. நிறுவனம் 1849-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே அமைந்தது. ஜகந்நாத் சங்கர்சேட், ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் முதலிய பம்பாய்ப் பிரமுகர்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ரயில் பாதைக்காக முயன்றுவந்தார்கள். 1853 ஏப்ரல் 16 அன்று பிற்பகலில், போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் தொலைவு, 14 பெட்டிகளில் சுமார் 400 விருந்தினரை ஏற்றிக்கொண்டு, சாகிப், சிந்து, சுல்தான் என்ற மூன்று எஞ்சின்கள் இழுக்க, நாட்டின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. அது புறப்பட்ட இடம் இப்போது நாம் காணும் மாளிகை அல்ல. அதற்கு முன்னர் இதே வட்டாரத்தில் இருந்த போரிபந்தர் நிலையம். இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. இந்த உலாவில் அது தெளிவாகச் சொல்லப்பட்டது.

அந்தச் சிறிய நிலையம் ஏன் போதாமல் போனது என்பதைத்தான் நான் மிகவும் ரசித்துக் கேட்டேன். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பிரிட்டிஷ் ஆலைகளுக்குப் பஞ்சு வருவது நின்றுபோக, மேற்கிந்தியப் பருத்திக்கும் அதை ஏற்றுமதி செய்த பம்பாய்த் துறைமுகத்துக்கும் திடீரென்று பெருந்தேவை உண்டாயிற்று. 1863-இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள ‘போர் காட்’ (Bhor Ghat) கணவாயின் வழியே ரயில் பாதை திறக்கப்பட்டதும் தக்காணப் பீடபூமி துறைமுகத்தோடு இணைந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்களுக்கு இந்தியாவின் வாசல் பம்பாய் என்றாயிற்று. 1870-இல் கல்கத்தாவுக்குத் தொடர்ச்சியான பாதை கிடைத்தது. அடுத்த ஆண்டு, 1871-இல், தெற்கிலிருந்து வந்த மெட்ராஸ் ரயில்வேயும் ஜி.ஐ.பி. பாதையும் ராய்ச்சூரில் கைகோத்தன. பிற்காலத்தில் தமிழர்கள் பம்பாய்க்கு வந்த வழி அதுதான். துறைமுகமும் இரண்டு பெரும் பாதைகளும் ஓரிடத்தில் வந்து கூடியபோது பழைய நிலையம் எப்படித் தாங்கும்? பெரிய நிலையம் வேண்டும் என்ற முடிவு நிறுவனத்தின் பெருமைக்காக மட்டும் எடுக்கப்பட்டதன்று என்பதை இவ்வளவு கோவையாகத் தமிழில் விளக்கி நான் கேட்டதில்லை.

ஸ்டீவன்ஸ் ஐரோப்பாவின் நிலையங்களைப் பார்த்துவிட்டு வந்து வரைந்த திட்டப்படி 1878-இல் வேலை தொடங்கியது. முடிய பத்தாண்டுகள் ஆயின. செலவு 16 லட்சம் ரூபாயைத் தாண்டியது. விக்டோரியா அரசியின் பொன்விழா ஆண்டான 1887-இல், வேலை முழுவதும் முடிவதற்கு முன்பே, அவருடைய பெயர் சூட்டப்பட்டது. ஸ்டீவன்ஸின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், உதவிப் பொறியாளராக இருந்த சீதாராம் கண்டேராவ் வைத்யாவையும் மேற்பார்வையாளராக இருந்த எம். எம். ஜனார்தனையும் வழிகாட்டி பெயர் சொல்லி நினைவுகூர்ந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கல் சுமந்தவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை; நமக்குக் கிடைக்கும் இரண்டு பெயர்களையாவது விடாமல் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதை நானும் ஏற்கிறேன்.

திருத்திக்கொள்ள வேண்டிய ஒரு செய்தியும் இங்கேயே வருகிறது. கட்டடத்தின் சிற்ப வேலைகளைச் செய்தவர்கள் பம்பாய்க் கலைப்பள்ளி, அதாவது இன்றைய சர் ஜே.ஜே. கலைப்பள்ளியின் மாணவர்கள் என்பது சரி. அவர்களுக்கு அப்போது ஆசிரியராக இருந்து வழிநடத்தியவர் லாக்வுட் கிப்ளிங் என்று சொன்னதுதான் பிழை. கிப்ளிங் 1875-லேயே லாகூருக்குச் சென்றுவிட்டார். இங்கே கடைக்கால் போடப்பட்டதோ அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து. மாணவர்களை வழிநடத்தியவர் ஜான் கிரிஃபித்ஸ். கிப்ளிங்கின் பெயர் புகழ்பெற்றது என்பதால் பல இடங்களில் இந்தத் தவறு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. உலா முடிந்தபின் வழிகாட்டியிடம் எடுத்துச் சொன்னேன், குறித்துக்கொண்டார். வேறொரு கட்டுக்கதையை அவரே உடைத்ததையும் சொல்ல வேண்டும். மெல்போர்ன் நகரின் ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையத்துக்கான வரைபடமும் பம்பாய்க்கான வரைபடமும் தபாலில் இடம் மாறிப்போனதால்தான் இப்படியொரு மாளிகை இங்கே எழுந்தது என்று ஒரு கதை உலவுகிறது. மெல்போர்ன் கட்டடம் முடிந்தது 1910-இல். பம்பாய்க் கட்டடம் அதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. ஆண்டுகளை மட்டும் எடுத்து வைத்து, கேட்டவர்களையே முடிவுக்கு வரச் செய்தார்.

உள்ளே நுழைந்ததும் முதலில் காட்டப்படுவது லோக்கல் ரயில்களுக்கான டிக்கெட் கூடம். இதற்கு ஸ்டார் சேம்பர் என்று பெயர். மேலே விதானத்தில் நீலப் பின்னணியில் பொன்னிற விண்மீன்கள் தீட்டப்பட்டிருந்ததால் வந்த பெயர். இத்தாலியப் பளிங்குத் தூண்கள், செதுக்கிய இலைக்கொத்துகள், வளைவுகளின் முனைகளில் எட்டிப்பார்க்கும் விலங்குகளும் பறவைகளும் என்று பார்க்க நிறைய உண்டு. நாள்தோறும் இங்கே வரிசையில் நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களில் நிமிர்ந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே, அவர்களுக்கு நேரமில்லை. ஞாயிறு காலையில் கூட்டம் குறைவு என்பதால் ஓரமாக நின்று பார்க்க முடிகிறது. மாணவி இங்கே எடுத்துக்கொண்டு விளக்கிய ஒரு கருத்து நல்லது: ஐரோப்பிய கோதிக் பாணிக் கட்டடங்களில் குளிரைத் தடுக்க வேண்டும், இங்கே வெயிலையும் பருவமழையையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விட வேண்டும், அதனால்தான் ஆழமான தாழ்வாரங்களும் உயர்ந்த கூரைகளும் எதிரெதிர்த் திறப்புகளும் இந்தக் கட்டடத்தில் இவ்வளவு இடம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவர் இன்னும் மெதுவாகப் பேசியிருக்கலாம். அறிவிப்பு ஒலிபெருக்கி இடைவிடாமல் ஒலிக்கும் கூடத்தில் பின்வரிசையில் நின்றவர்களுக்குப் பாதி கேட்கவில்லை. ஒரு சிறிய கை ஒலிபெருக்கியை ரயில் நிலையத்துக்குள் பயன்படுத்த முடியாது என்றால், வாசலிலேயே விளக்கத்தை முடித்துவிட்டு உள்ளே அமைதியாகப் பார்க்க விடலாம். குவிமாடத்தின் கீழே கைப்பிடியிலிருந்து தாங்குகல் வரை எல்லாம் செதுக்கப்பட்டுள்ள பெரிய படிக்கட்டு அலுவலகப் பகுதியில் இருப்பதால் இந்த உலாவில் அதைக் காண முடியாது. அதைப் பார்க்க விரும்புவோர் கட்டடத்துக்குள் ரயில்வேயே வைத்திருக்கும் பாரம்பரிய அருங்காட்சியகத்தின் பார்வை நேரத்தை விசாரித்துக்கொண்டு வேலை நாளில் தனியே போவது நல்லது.

உலாவின் மிகச் சிறந்த பகுதி அடுத்து வருவதுதான். அழகான பொருள் எதுவுமே இல்லாத லோக்கல் நடைமேடைகளில் அது நடக்கிறது. ஓய்வு பெற்ற அந்த ரயில்வே ஊழியருக்கு இங்கேதான் குரல் எழும்புகிறது. வி.டி. ஒரு முட்டுச்சந்து நிலையம். தண்டவாளம் இங்கே முடிந்துவிடும். நீராவிக் காலத்தில் வண்டி உள்ளே வந்து நின்றதும் அதை இழுத்து வந்த எஞ்சின், தண்டவாள முடிவிலுள்ள தடுப்பான பஃபருக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். மறுமுனையில் வேறோர் எஞ்சினைக் கொண்டுவந்து மாட்டி வண்டியை வெளியே இழுத்தபிறகுதான் சிக்கிய எஞ்சினுக்கு விடுதலை. ஒரு நடைமேடையில் ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகளைக் கையாள முடியும் என்பதை இந்த மாற்றல் வேலைதான் தீர்மானித்தது. 1925 பிப்ரவரி 3 அன்று இதே நிலையத்திலிருந்து ஹார்பர் பாதை வழியாகக் குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியபோது அந்த முடிச்சு அவிழ்ந்தது. மின்தொடர் வண்டியில் இரு முனைகளிலும் ஓட்டும் அறை உண்டு. உள்ளே வந்த வண்டி எந்த எஞ்சினுக்கும் காத்திராமல் அப்படியே திரும்பிப் போகும். மும்பை இன்றைய மும்பையாக வடக்கே நீண்டு வளர்ந்ததற்கு, வண்டி திரும்பும் நேரம் சுருங்கியதும் ஒரு முக்கியக் காரணம் என்று அவர் சொன்னபோது, நடைமேடையில் மோட்டார்மேன் (லோக்கல் ரயில் ஓட்டுநர்) ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுமுனைக்கு நடந்துகொண்டிருந்தார். அவரைச் சுட்டிக்காட்டியே பாடம் முடிந்தது.

அன்று போடப்பட்டது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். அழுத்தம் குறைவாக இருந்தால் அதே திறனுக்கு மின்னோட்டம் அதிகம் வேண்டும். அதனால் கம்பியில் இழப்பும் அதிகம், துணைமின் நிலையங்களையும் அடுத்தடுத்து வைக்க வேண்டும். ரயில்கள் நீளவும் எண்ணிக்கை கூடவும் அது தாங்கவில்லை. மத்திய ரயில்வேயின் முதன்மைப் பாதை 2015-லும் ஹார்பர் பாதை 2016-லும் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றப்பட்டன. இந்த மாற்றத்தை ரயில் போக்குவரத்தை நிறுத்தாமல், இரவுகளிலும் பராமரிப்புக்காகச் சில மணி நேரம் பாதையை மூடும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்குகளிலும் கிடைத்த சிறு சிறு இடைவெளிகளில் செய்தார்கள். கல்லில் செய்ததை மட்டும் பாரம்பரியம் என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கம்பியில் செய்ததும் அதற்கு இளைத்ததன்று என்றே நானும் நினைக்கிறேன். ஹார்பர் வண்டிகள் நிற்கும் 1, 2 எண் நடைமேடைகளில் நின்றுகொண்டு இதைக் கேட்டது இந்த உலாவின் ஆகச் சிறந்த அரைமணி நேரம்.

அங்கிருந்து நீண்டதூர ரயில்களுக்கான கூடத்துக்குச் செல்கிறார்கள். நகரம் பெருக்கப் பெருக்க ஸ்டீவன்ஸ் கட்டிய நிலையம் போதாமல் போனதால் 1929-இல் கிழக்குப் பக்கமாக விரிவாக்கப்பட்ட பகுதி இது. இன்று மொத்தம் உள்ள 18 நடைமேடைகளில் 7 லோக்கலுக்கு, 11 நீண்டதூர வண்டிகளுக்கு. எங்களோடு வந்திருந்த தாராவிப் பெரியவர் ஒருவர், ‘அண்ணாச்சி, அந்தக் காலத்து மெட்ராஸ் மெயில் எந்தப் பிளாட்பாரத்துல வந்து நிக்கும்?’ என்று கேட்டார். வழிகாட்டியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இது தமிழர்களுக்காகத் தமிழில் நடக்கும் உலா. நாகர்கோவில் எக்ஸ்பிரஸும் சென்னை மெயிலும் புறப்படும் இந்தக் கூடத்தில் தமிழர்கள் வந்திறங்கிய வரலாற்றுக்குக் கால் மணி நேரமாவது ஒதுக்கியிருக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து தாராவியில் குடியேறியவர்களுக்கும், அலுவலக வேலைகளுக்கு வந்து மாட்டுங்காவில் தங்கியவர்களுக்கும் இந்த நிலையம்தான் முதல் மண். அந்தச் செய்தி சொல்லப்படாமலே போனது எனக்கு உண்மையான ஏமாற்றம். 2008 நவம்பர் 26 இரவு இதே கூடத்தில் பயங்கரவாதிகள் சுட்டதில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வழிகாட்டி அதை இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். அந்த அளவே தகுந்தது.

இப்போது நடந்துவரும் மறுகட்டுமானம் பற்றிய பகுதிதான் உலாவில் மிகவும் மெலிந்தது. 2022 செப்டம்பர் 28 அன்று மத்திய அமைச்சரவை புது டெல்லி, அகமதாபாத், மும்பை சி.எஸ்.எம்.டி. (அதாவது இந்த வி.டி.) ஆகிய மூன்று நிலையங்களின் மறுசீரமைப்புக்குச் சுமார் 10,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதில் மும்பைக்குரிய பங்கு ஏறத்தாழ 2,450 கோடி. தனியார் பங்கேற்போடு செய்வதாக இருந்த முந்தைய திட்டம் கைவிடப்பட்டு, அரசு நிதியில் செய்வதென்று முடிவாயிற்று. தண்டவாளங்களுக்கு மேலே விரிந்த மேடைத்தளம், வருவோருக்கும் போவோருக்கும் தனித்தனி வழிகள், 1930-க்குப் பிறகு ஒட்டிக்கொண்ட கட்டடங்களை நீக்கிப் பாரம்பரியப் பகுதியை அந்தக் கால நிலைக்குக் கொண்டுவருதல் ஆகியவை திட்டத்தின் முக்கிய கூறுகள். இவற்றை ஒரு பட்டியலாக வாசித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ஏன் 1930 என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. சற்று முன்புதான் 1929-இல் விரிவாக்கிய கூடத்தைக் காட்டினார்கள். எல்லைக்கோட்டை 1888-இல் போட்டிருந்தால் அந்தக் கூடமே ‘பின்னால் ஒட்டிக்கொண்ட’ பட்டியலில் சேர்ந்திருக்கும். எந்த ஆண்டில் கோடு கிழிக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் எது பாரம்பரியம், எது இடித்துத் தள்ளவேண்டிய இடைச்செருகல் என்பது முடிவாகிறது. 2004 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது வரையறுத்த மையப் பகுதி 2.85 ஹெக்டேர்தான், அதைச் சூழ்ந்து அதைவிடப் பன்மடங்கு பெரிய காப்பு வளையம் ஒன்றும் உண்டு. புதிய மேடைத்தளம் எழும்போது தெருவிலிருந்தும் நடைமேடையிலிருந்தும் பழைய கட்டடத்தின் பார்வை எவ்வளவு மறையும், எவ்வளவு திறக்கும் என்பதை ஒரு வரைபடத்தைக் காட்டி விளக்கியிருந்தால், கட்டடக் கலை மாணவி ஒருவர் உடன் வருவதன் முழுப் பயனும் கிடைத்திருக்கும். கூட்ட நெரிசலில் அன்றாடம் அவதிப்படும் பயணிகளுக்குப் புதிய வழிகள் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனாலேயே அந்த வேலையைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்கிறேன்.

அடுத்து லோக்கல் பயணம். மஸ்ஜித், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, மூன்றாவதாகப் பைகுல்லா. சில நிமிடங்களில் போய்விடலாம். பெரிய மாளிகையைப் பார்த்த கண்ணோடு பைகுல்லாவில் இறங்குபவர்களுக்கு முதலில் ஒன்றும் தோன்றாது. அடக்கமான கல் கட்டடம். ஆனால் வயதில் அது வி.டி.யின் மாளிகையைவிட முப்பது ஆண்டு மூத்தது. 1853-இல் மரத்தாலான சிறு நிலையமாகத் தொடங்கி, 1857-இல் இப்போதுள்ள கல் கட்டடம் எழுந்தது. முதல் பயணிகள் ரயிலுக்கு ஓராண்டு முன்பே, பாதை போடும் வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட எஞ்சின் ஒன்று ஓடிப் பம்பாய் மக்கள் வியந்து பார்த்ததும் இந்த வட்டாரத்தில்தான்.

இங்கே 2019-இல் தொடங்கிய சீரமைப்பு 2022 ஏப்ரலில் நிறைவு பெற்றது. பாதுகாப்புக் கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லம்பா பொறுப்பேற்க, ‘ஐ லவ் மும்பை’ அமைப்பும் பஜாஜ் அறக்கட்டளைக் குழுமமும் ரயில்வேயுடன் சேர்ந்து செய்த வேலை அது. புதிதாக எதையும் சேர்ப்பதைவிட, பின்னால் வந்து படிந்தவற்றை அகற்றுவதே பெரும்பாலான வேலையாக இருந்தது. காலங்காலமாக ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்ட பெயின்ட் அடுக்குகளைச் சுரண்டி எடுத்ததும் உள்ளேயிருந்த கல்முகம் வெளியே வந்தது. வார்ப்பிரும்புத் தூண்களும் மர வேலைகளும் செப்பனிடப்பட்டன. யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் 2022-ஆம் ஆண்டுக்கான தகுதி விருது இந்த நிலையத்துக்குக் கிடைத்தது. பழைய வீட்டின் தரையில் பல அடுக்குச் சாணமும் சிமெண்டும் நீங்கிச் செங்கல் தரை தெரிவதைப் போன்ற மகிழ்ச்சி அந்தச் சுவரைத் தொட்டபோது கிடைத்தது.

மாணவி இங்கே மிக நன்றாகப் பேசினார். நிலையத்தில் ஆரவாரம் குறைவு என்பதால் பேச்சும் கேட்டது. கல் ‘மூச்சு விடும்’ என்று கட்டடக்காரர்கள் சொல்வார்கள். அதன் நுண்துளைகளின் வழியே ஈரம் உள்ளே போய் வெளியே வர வேண்டும். ஆயில் பெயின்ட் அடித்தால் உள்ளே போன மழை ஈரம் வெளியேற வழியின்றித் தேங்கி, உப்பைப் படியவைத்து, மேற்பரப்பைப் பொருக்குப் பொருக்காக உதிரச் செய்யும். பழைய கல் இணைப்புகளைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்காமல் சிமெண்டால் அடைப்பதிலும் இதே ஆபத்து உண்டு. சிமெண்ட் கல்லைவிட இறுகியது, ஈரம் தன் வழியே போகாததால் கல்லின் வழியே வெளியேறப் பார்க்கும். பராமரிப்பு என்ற பெயரில் நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட வேலைகளே பழைய நிலையங்களை அரித்திருக்கின்றன என்ற இந்தச் செய்தி, தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களில் மணல் வீச்சும் பெயின்டும் செய்த சேதத்தை அறிந்த எவருக்கும் உடனே உறைக்கும். வி.டி.யில் நடப்பது நிலையத்தின் கொள்ளளவைப் பெருக்கும் வேலை. பைகுல்லாவில் நடந்தது இருந்ததை மீட்டெடுத்த வேலை. இரண்டையும் ஒரே காலையில் அடுத்தடுத்துப் பார்க்கும்படி அமைத்ததில்தான் இந்த உலாவைத் திட்டமிட்டவர்களின் நுட்பம் தெரிகிறது. நான் பங்கெடுத்த மற்ற உலாக்களில் இந்த அமைப்பு இல்லை.

கலந்துகொள்ள விரும்புவோருக்குச் சில செய்திகள். பைகுல்லாவில் வெளியே வர நடைமேம்பாலப் படிகள் ஏற வேண்டியிருக்கும். முட்டி வலி உள்ளவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால், வி.டி. பகுதியோடு முடித்துக்கொள்ள ஏற்பாடு செய்கிறார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளை அழைத்துச் செல்லலாம். எஞ்சின் மாற்றும் கதையை எங்களோடு வந்த சிறுவர்கள்தான் பெரியவர்களைவிட ஆர்வமாகக் கேட்டார்கள். வி.டி.யில் வேலைகள் நடப்பதால் சில வழிகள் மூடியிருக்கக்கூடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளிப்புறத்தில் நின்று பேசும் பகுதி மழையில் கெட்டுப்போகும், நவம்பர் முதல் பிப்ரவரி வரையே ஏற்ற காலம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் திரும்பும் நேரத்தில் மெகா பிளாக் தொடங்கியிருக்க வாய்ப்புண்டு. மாட்டுங்காவுக்கு அப்பால் போக வேண்டியவர்கள் அன்றைய அறிவிப்பை முதல் நாளே பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும்.